மரத்தூள் அடுப்பில் மொச்சைச் சாறு

எனக்கு வயது எண்பத்திரண்டு. பனியன் கம்பெனி வேலையை விடாமலே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன்.

கல்யாணமான புதிதில் மாமியார் சொன்னார்: "அடுப்பப் பாக்க ஆளில்லாத ஊட்ல சோறு எப்படி வேகும்? நாளையிலிருந்து கம்பெனிக்குப் போகாத அம்மிணி."

மறுநாள் காலை தகர அடுப்பின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கிவிட்டு பாட்டிலை உருவினேன். அந்தக் குழியில் தீ மூட்டினால், யாரும் பார்க்காமலே மரத்தூள் நாள் முழுக்க மெல்லக் கனன்று எரியும். ஊறிய மொச்சையை வெங்காயம், சீரகத்தோடு ஏற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மொச்சை வெண்ணெயாய்க் குழைந்திருந்தது. மாமியார் ஒரு டம்ளர் சாற்றை முழுக்கக் குடித்துவிட்டு, "உப்பே இல்லியே!" என்றார்.

"மொதல்லயே போட்டா மொச்சை வேகாதுங்க அத்தை. இப்பப் போடறனுங்க. நாளைக்கும் கம்பெனிக்குப் போவனுங்க."

உண்மையில் மறந்துதான் போனேன். ஒத்துக்கொண்டிருந்தால் வேலை போயிருக்கும். அந்தப் பொய்க்கு இன்றும் வருத்தமில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் பேத்தி. கண்ணு, உப்பு மறந்ததை உடாம, எழுதுனத எனக்குச் சத்தமாப் படி.