மெட்டில் உட்கார்ந்த சொல்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தொன்பது வயதில், பாட்டு எழுதக் கற்றுக்கொடு என்று என்னிடம் வந்து நின்றார். கையில் கிரீஸ் வாடை, சட்டைப் பையில் டெஸ்டர். கவிதை என்று ஒரு வரி படித்தவர் இல்லை. எழுத்து என்று பார்த்தால் லீவு கேட்டு எழுதியதோடு சரி.

காரணம் எனக்குத் தெரியும். அக்கா எங்கள் மெல்லிசைக் குழுவில் ஆறு வருடம் பாடியவள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் மாமா எனக்குப் போன் செய்து, "இனிமே அவ பாட வரமாட்டா, வேற ஆளப் பாத்துக்கோ" என்றார். அவளைக் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. மறுநாளே வேறு பாடகியைப் பிடித்துவிட்டேன். அக்காவும் ஏன் என்று யாரையும் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் வாயைத் திறந்து பாடி யாரும் கேட்டதில்லை.

இப்போது குழுவுக்கு இருபத்தைந்தாவது வருடம். விழாவில் பாட அழைத்தால், "தொண்டை துருப்பிடிச்சுப் போச்சுடா" என்று கழன்றுகொண்டாள். மாமாவுக்கு அது உறுத்தியது. தன் கையாலேயே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தால் பாடுவாள் என்று ஒரு நம்பிக்கை. அதற்கும் அசையாவிட்டால் இனி எதற்கும் அசையமாட்டாள் என்ற பயம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

மெட்டு என்னுடையது. கீபோர்டில் வாசித்து, "தன தானா தன்னானா" என்று பாடி, போனில் பதிந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் சர்வீஸ் ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். ஒரு வரிக்குள் ஒரு கூட்டுக் குடும்பமே குடியிருந்தது.

"மாமா, எட்டுப் பேர் ஏறுற லிஃப்ட்ல பதினஞ்சு பேர ஏத்தியிருக்கீங்க."

"பீப் அடிக்குதா?"

"கதவே மூடல."

இது அவருக்குப் புரிந்தது. பிறகு சொல்லிக்கொடுப்பது சுலபமாயிற்று. மெட்டில் 'தன' வந்தால் இரண்டு குறில், 'தானா' வந்தால் இரண்டு நெடில். விரலை மடக்கி மடக்கி எண்ணினார். வேலைக்குப் போன கட்டடத்தில் லிஃப்டின் மேல் உட்கார்ந்து தனக்குத்தானே "தன தானா" சொல்லிக்கொண்டிருக்க, எட்டாவது மாடிக்காரர் ஒருவர், மெக்கானிக்குக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கம்பெனிக்குப் போன் செய்துவிட்டார்.

பெரிய சறுக்கல் இரண்டாவது வாரம், அவர்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. 'உன்னைப் பார்த்ததும் மனம் போனது' என்று ஒரு வரி எழுதியிருந்தார். தாளில் பார்த்தால் குற்றமில்லை. ஆனால் 'மனம்' விழுந்த இடத்தில் மெட்டு நீண்டு நிற்கிறது. மாமா உற்சாகமாகப் பாடிக் காட்டினார்.

"உன்னைப் பார்த்ததும் மா...னம் போனது!"

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு அக்காவின் சிரிப்பு.

"யாரப் பாத்துங்க போச்சு?"

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குறிலை இழுத்தால் வேறு சொல்லாகிவிடும் என்று நான் அரை மணி நேரம் விளக்கியும் மண்டையில் ஏறாதது, அந்த ஒரு சிரிப்பில் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து சமையலறைப் பக்கமிருந்து திருத்தங்கள் வர ஆரம்பித்தன. "மேல போற எடத்துல 'இ' வச்சா எப்படிங்க வாயத் தொறக்கறது? 'ஆ' வைங்க, இல்ல 'ஏ' வைங்க." இன்னொரு நாள், "மூச்சு விட எடமே இல்ல. பாட்டு முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிருவேன்." தப்பைக் காட்டுவதற்காக ஓரிரு சொற்களைப் பாடியும் காட்டினாள். துருப்பிடித்த குரலாக எனக்குத் தெரியவில்லை. அவளைப் பாட வைக்க மாமா வேண்டுமென்றே தப்புச் செய்கிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அவ்வளவு சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. எல்லாம் அசல் தப்புகள்தான்.

ஆறு வாரத்தில் பாட்டு முடிந்தது. ஒரு பெண் தன் கணவனிடம் பாடுவது. கடைசி இரண்டு வரிகள் இப்படி:

நேற்றின் கதவை நானே அடைத்தேன்
காயம் முழுதும் நானே மறந்தேன்

சொல் ஒவ்வொன்றும் மெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஒத்திகை அறை ஒரு பெயின்ட் கடைக்கு மேலே. எதிரொலிக்காமல் இருக்க, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை, "சும்மா பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் அக்கா வந்தாள். வந்தவள் மைக்கை யாரும் சொல்லாமலே தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். தாளை வாங்கி ஒருமுறை படித்தாள். நான் வாசித்தேன். பாடினாள்.

குரல் கனத்திருந்தது, ஆனால் ஆடவில்லை. மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கடைசி வரிக்கு முன் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"காயம் முழுதும் நானே மறைத்தேன்."

கீபோர்டில் என் கை தானாக நின்றது. மாமாதான் முதலில் பேசினார். "மறந்தேன்னு எழுதியிருக்கேன்மா."

"தெரியுது. இதுவும் அதே அளவுதானே? எண்ணிப் பாருங்க."

எண்ணினார். ம, றைத், தேன். இம்மியும் பிசகவில்லை. மேல் வரியின் 'அடைத்தேன்' கூட இதோடுதான் நன்றாகச் சேர்ந்தது. மெட்டுப் போட்ட எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. மூன்றாவது விரலை மடக்கியவர் அப்படியே இருந்தார்.

"அன்னைக்கு நான் போன் பேசினது..."

"பக்கத்து ரூம்லதாங்க துணி மடிச்சிட்டிருந்தேன்."

கீழே கடையில் பெயின்ட் கலக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

"அதுக்காகத்தான் இந்தப் பாட்ட..."

"அதுக்கு எதுக்குங்க மெட்டு? சும்மா சொல்லியிருந்தாலே போதுமே."

மாமா எழுந்தார். "உன்ன ஒரு வார்த்த கேக்காம நானே சொல்லிட்டேன். தப்புதான்மா" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். பென்சிலை எடுத்துத் தாளில் அந்த ஒரு சொல்லை அடித்துத் திருத்தினாள்.

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நமக்கென்ன வேலை என்று கீபோர்டின் மேல் குனிந்து, சரணத்தின் ஆரம்பத்தை மெதுவாக வாசிக்கத் தொடங்கினேன்.

"இருடா," என்றாள் அக்கா. "அன்னைக்கு அந்தப் போன எடுத்தவன் நீதான?"

கட்டைகளிலிருந்து கையை எடுத்தேன்.