சாவி அண்ணனின் திரைச்சீலை

"காட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே சாவி அண்ணன் அந்தப் பெண்ணின் கைபேசி மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். வந்து இறங்கி மூன்று மணி நேரம்கூட ஆகாத இளம் தம்பதி. பெட்டிகள் இன்னும் வாசலிலேயே நிற்கின்றன. அவள் தன் அம்மாவை வீடியோவில் அழைத்து, "இதாம்மா நம்ம வீடு" என்று ஜன்னல் பக்கம் திருப்பப் போன நேரத்தில்தான் அந்தக் கை குறுக்கே வந்தது. "வந்து சேந்துட்டோம், நல்லா இருக்கோம்னு வாயால சொல்லுங்கம்மா, போதும். வீட்ட ஒரு மாசம் கழிச்சுக் காட்டலாம். இன்னிக்குக் காட்டுனத அப்புறம் காலம் பூரா காப்பாத்தணும்." அவள் கணவன் முறைத்தான். பெட்டி தூக்க ஒத்தாசைக்குப் போயிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு வருடங்களுக்கு முன்பு என் கைபேசியையும் இதே கை மூடியது. நானும் இப்படித்தான் முறைத்தேன்.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்காக, வருகிறவர்களைக் குடியமர்த்திக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலி வீடுகளைத் திறந்து காட்டுவார். மின்சார மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்வார். சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணி ஓட்டைகளையெல்லாம் படம் எடுத்து வைப்பார், பின்னால் வீட்டுக்காரர் வம்புக்கு வரக்கூடாது என்று. இடுப்பு வளையத்தில் முப்பது சாவிக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் முகவரி எழுதிய அட்டைத் துண்டு. அவர் மாடி ஏறி வருவது இரண்டு மாடிக்கு முன்பே காதில் விழும். வயது ஐம்பதைத் தொடப் போகிறது. தலைமுடி அவசரப்பட்டு முன்னாலேயே விடைபெற்றுவிட்டது.

அவர் வீடு காட்டும் முறை ஊர் உலகத்தில் யாரும் செய்யாதது. மற்றவர்கள் பால்கனியில் ஆரம்பிப்பார்கள், இவர் குளியலறையில் ஆரம்பிப்பார். "மொதல்ல கெட்டத பாத்துடலாம்" என்பார். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, "எண்ணுங்க" என்பார். நாற்பத்தைந்து எண்ணிய பிறகுதான் தண்ணீர் சுடும். அப்புறம் படுக்கையறையில் எல்லாரையும் வாய் பேசாமல் நிற்க வைப்பார். லிஃப்டின் மோட்டார் உறுமுவதும், மேல் வீட்டுக்காரர் நாற்காலியை இழுப்பதும் அப்போதுதான் கேட்கும். அலமாரியைத் திறந்து ஈர வாடையை முகரச் சொல்வார். இவ்வளவும் ஆன பிறகுதான் ஜன்னல். "ஏங்க, இப்படி பயமுறுத்துறீங்க?" என்று கேட்டால், "பயந்துட்டே உள்ள வாங்க. அப்புறம் கெடைக்கிறது எல்லாம் லாபம்" என்பார்.

சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒரு கால அட்டவணையும் சேர்த்துக் கொடுப்பார். "மொத மாசம் எல்லாம் அழகாத் தெரியும், போட்டோவா எடுத்துத் தள்ளுவீங்க. மூணாவது மாசம் அழுக வரும். காரணமே இருக்காது, பல்லு வெளக்கிட்டு இருக்கும்போது வரும். ஆறாவது மாசம் ஊர்ல இருக்கிறவங்களோட சண்ட. அவங்க ஒண்ணு நெனச்சிருப்பாங்க, இங்க ஒண்ணு நடக்கும். ஒரு வருஷத்துல பழகிடும்." பழகவில்லை என்றால்? "பழகலன்னாலும் ஒரு வருஷம் ஆயிடும்ல." எனக்கு மூன்றாவது மாதம் அழுகை வந்தது. பல் விளக்கும்போது இல்லை, பேருந்தில் வந்தது. மற்றபடி அவர் சொன்னதில் ஒன்றும் பிசகவில்லை.

இத்தனை பேருக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரின் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவருடைய பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். இரண்டு அறை, நடுவில் ஒரு சமையலறை. ஃபிரிட்ஜில் மேல் தட்டு எனக்கு, கீழ்த் தட்டு அவருக்கு. அவர் அறையில் ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, கதவுக்குப் பின்னால் சாவி மாட்டும் ஆணி. ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு கை அகலம்கூட வராது. திறந்தால் எதிர்ச் சுவர். கையை நீட்டினால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாயைத் தொடலாம். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். சுவரின் ஒரு மூலையில் ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும்.

அவர் மனைவியும் மகளும் இந்த அறையைப் பார்த்ததே இல்லை. ஏழு வருடங்களுக்கு முன்பு அவர் வந்து இறங்கியபோது, அலுவலக மேலாளர் வேலை என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள். முதல் வாரம் பன்னிரண்டாவது மாடியில் விருந்தினர் வீடு ஒன்றில் தங்க வைத்தார்கள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அன்று அவர் கைபேசியை மூட யாரும் இல்லை. "இதான் நம்ம வீடு" என்று சொல்லி ஒவ்வொரு அறையாகக் காட்டிவிட்டார். மகளுக்கு அப்போது நான்கு வயது. எந்த அறை தனக்கு என்று அங்கிருந்தே கையைக் காட்டினாள். இரண்டாவது மாதம் மேலாளர் வேலை இல்லை என்று ஆனது, சாவி வளையம் கைக்கு வந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். "அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு தள்ளுனேன் தம்பி. தள்ளுனது அப்படியே உருண்டு போயிடுச்சு."

காலி வீடுகளின் சாவிதான் கையில் இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏதாவது ஒன்றைத் திறந்து உள்ளே போய், அங்கிருந்து வீட்டுக்குப் பேசுவார். சாமான் ஏன் இல்லை என்று கேட்டால் பதில் தயார்: "நீ வந்து உன் இஷ்டத்துக்கு வாங்கிக்கோ." அவர் மனைவி பள்ளி ஆசிரியை. கெட்டிக்காரி, கைவேலை தெரிந்தவள். ஜன்னலின் அளவைக் கேட்டாள். அன்று நின்ற வீட்டின் அளவைச் சொன்னார். அவர் ஊருக்குப் போயிருந்தபோது, ஓரத்தில் பூ வேலை செய்த நீலத் திரை ஒன்றைத் தைத்து மடித்துக் கொடுத்தாள். அடுத்த வாரமே அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தோள்பையில் அந்தத் திரையும் போகும். கம்பியில் மாட்டி, பேசி முடித்து, கழற்றி, மடித்துக்கொண்டு வருவார். இதை அவரே ஒருநாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் கெட்டதை முதலில் காட்டுகிற மனிதர், சொந்த வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன். "அவங்ககிட்ட கெட்டத காட்டுனா அது வீட்டோட கெட்டது தம்பி. இவங்ககிட்ட காட்டுனா அது என்னோட கெட்டது" என்றார். 

ஆனால் எல்லா ஜன்னலும் ஒரே உயரமாகவா இருக்கும்? ஒரு ஞாயிறு திரை தரைக்கு இரண்டு சாண் மேலேயே நின்றுவிட்டது. "திரை சுருங்கிடுச்சாப்பா?" என்று கேட்டிருக்கிறாள் மகள். துவைத்ததில் சுருங்கிவிட்டது என்றார். மறு வாரம் வேறு வீடு, திரை தரையில் புரண்டது. "இப்ப வளந்துடுச்சு" என்றாளாம். சிரித்துக்கொண்டு சொன்னாளா, சிரிக்காமல் சொன்னாளா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. பதினொரு வயதுக் குழந்தை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை. "அவ நிமிந்து பாத்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றார்.

இந்த வருடம் அவருக்கு விடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு வேறு நகரத்துக்கு மாற்றலாகி, என் அறை காலியாகப் போகிறது. இரண்டு அறையும் சேர்ந்தால் குடும்பம் வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பித்தார், குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் அனுமதியும் வந்துவிட்டது. ஏழு வருடமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த தாள். அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "சந்தோஷம்தானேண்ணே?" என்றேன். "இப்ப நெசமாவே வந்துடுவாங்க தம்பி" என்றார். சாதாரணமாக மனிதர்கள் இந்த வாக்கியத்தை அந்த முகத்தோடு சொல்வதில்லை.

இரண்டு நாள் கழித்து மனைவியிடமிருந்து குரல் செய்தி வந்தது. தனியாகக் கேட்கத் தைரியம் இல்லாமல் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டார். திட்டவில்லை, அழவில்லை. வகுப்பில் பாடம் சொல்வது போன்ற நிதானம். "திங்கக்கெழம நான் ராஜினாமா கடிதம் குடுக்கணும். பாப்பாவுக்கும் ஸ்கூல்ல சர்டிபிகேட் வாங்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எந்த வீட்டுக்கு நாங்க வரணும்? பாப்பா இதுவரைக்கும் பதினாலு ஜன்னல் எண்ணி வச்சிருக்கா. நீங்க இருக்கிற எடத்த ஒரு தடவ காட்டுங்க. எப்படி இருந்தாலும் பரவால்ல, ஓட்டையா இருந்தாலும் வந்துடறோம். காட்டலன்னா வரலங்க. எனக்கு இதுக்கு மேல முடியல." செய்தி முடிந்ததும் அவர் அதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. இதைவிட எளிதாக ஒரு மன்னிப்பு யாருக்குக் கிடைக்கும்? ஒன்றும் விளக்க வேண்டாம், காட்டினால் போதும். "உங்க முறையிலேயே காட்டுங்கண்ணே, கெட்டதுல ஆரம்பிங்க" என்றேன். தலையாட்டினார். சனிக்கிழமை முழுக்க அறையைத் துடைத்தார். உதிர்ந்த சுண்ணாம்பைக் கூட்டி அள்ளினார். தகரப் பெட்டியிலிருந்து திரையை எடுத்து, அந்தச் சின்ன ஜன்னலுக்கு நான்காக மடித்து வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியில் போட்டார். "பொய் வேணாம்" என்றார், தனக்குத்தானே.

ஞாயிறு மதியம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். "நீங்க ஃபோனப் புடிங்க தம்பி. என் கையில இருந்தா வேற எங்கயாவது திருப்பிடுவேன்." பிடித்துக்கொண்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். கைபேசித் திரையில் இரண்டு முகங்கள் நெருக்கிக்கொண்டு தெரிந்தன. மகள் தலையை இறுக்கப் பின்னியிருந்தாள். மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். கேமரா இன்னும் அவர் முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"காட்டுங்க" என்றாள், மெதுவாக.

"சரி... மொதல்ல கெட்டத பாத்துடலாம்" என்றார். எத்தனையோ வீடுகளில் கேட்ட அதே குரல்தான். சிரிக்கக்கூடச் செய்தார். "இந்தா, இதான் ஜன்னல்" என்று கையைக் காட்டினார்.

"அப்பா, பதினஞ்சாவது!" என்றாள் மகள்.

நான் கைபேசியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். ஈரச் சுவரின் ஓரம் படத்துக்குள் வரத் தொடங்கியது. அவ்வளவுதான், சாவி அண்ணனின் உள்ளங்கை வந்து அதை மூடியது. "அண்ணே, கைய எடுங்க" என்றேன். கேட்டதாகத் தெரியவில்லை. இருட்டுக்கு அந்தப் பக்கமிருந்து "அப்பா? அப்பா?" என்று இரண்டு தடவை வந்தது. பிறகு மனைவி, "விடும்மா" என்றாள். அழைப்பு நின்றது. கைபேசி என் கையில்தான் இருந்தது. அதன் மேல் அவர் கை அப்படியே இருந்தது.