வெள்ளைக்கல்லுக்கு ஒரு சின்னப் பெட்டி

எங்கள் சமையலறையில் வெங்காயம் போட்டு வைக்கும் மரப்பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லி மருமகள் பலமுறை கேட்டுவிட்டாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சேலத்திலிருந்து சுரங்க வேலைக்கு ஆள் கூட்டி வந்து, மைசூரில் சொந்த லாரி ஓட்டியவன் நான். என் தலையில் உதித்த பெட்டி அது. ஆனாலும் சுரங்க மேனேஜர் ஐயா அன்று தலையசைத்திராவிட்டால் அது வெறும் பலகையாகவே கிடந்திருக்கும்.

மைசூருக்கு வெளியே வெள்ளைக்கல் சுரங்கம். இரும்பு உருக்கும் உலைகளுக்குப் போகும் கல். பாறையை உடைத்துப் போட்டால் பெண்கள் வெள்ளைக்கல்லைப் பொறுக்கிப் பெட்டியில் நிரப்புவார்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. மிச்சமெல்லாம் குப்பைமேட்டுக்கு. அந்த மேடு வளர்ந்து ஊர் ஏரிக்கரையைத் தொட்டபோது ஊர்க்காரர்கள் திரண்டு வந்து, இனி ஒரு கூடை கொட்டக்கூடாது என்றுவிட்டார்கள். எப்போதும் தலையில் இருக்கும் தொப்பி ஐயாவின் கையில் இருந்தது. "மழைக்குள்ள வழி பண்ணலேன்னா மைன்ஸ் பந்த்தான்யா. உன் ஜனங்களை ஊருக்கு அனுப்பிடு."

இருவரும் மேட்டில் ஏறினோம். அவர் காலால் கிளறிய இடமெல்லாம் எலுமிச்சை அளவில் நல்ல வெள்ளைக்கல். "கண்ணு தெரியலையா இவங்களுக்கு?" என்று கத்தினார். பொறுக்குகிறவர்களில் மூத்தவள் இடுப்பில் கை வைத்தபடி வந்தாள்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க. இத்தினூண்டு கல்லைப் போட்டா பெட்டி எப்ப நெறையறது, நான் எப்ப சோறாக்கறது? ஐயா ஒரு நாளைக்குப் பொறுக்கிப் பாருங்களேன்!"

கூட்டமே சிரித்தது. ஐயாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொன்னேன்: "சின்னக் கல்லுக்குச் சின்னப் பெட்டி போடுங்க. கூலி மட்டும் அதே கூலி."

"கம்பெனி ஒத்துக்குமாய்யா?"

"கம்பெனிய நீங்க பாருங்க, பெட்டிய நான் பாக்கறேன்."

பார்த்தார். பெண்கள் மேட்டைக் கிளறிச் சின்னக் கல்லையும் பொறுக்கினார்கள். மிஞ்சிய கருங்கல்லைத் தோண்டி முடித்த பழைய பள்ளங்களிலேயே திரும்ப நிரப்பச் சொன்னதும் அவர்தான். அது எனக்குத் தோன்றவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

முதல் மழையன்று ஒரே குடையில் ஏரிக்கரையில் நின்றோம். மேடு பாதியாகக் குறைந்து, கரையைவிட்டு விலகியிருந்தது. ஊர்ப் பெரியவர் ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார், கலங்கவில்லை. அதைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஐயா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் ஜனங்க இருக்கட்டும்யா. முதல்ல ஒரு காபி சொல்லு."

நேற்று மருமகள் பெரிய பிளாஸ்டிக் கூடை வாங்கி வந்தாள். பெரிய வெங்காயம் அதற்குள் போய்விட்டது. சின்ன வெங்காயம் மட்டும் பழைய பெட்டியிலேயே இருக்கிறது. கூடையில் போட்டால் அடியில் மாட்டி வீணாகிறதாம்.