செல்வியின் வல்லாரைப் பாத்தி

வல்லாரையைப் பொடியாக அரியும்போது எழும் அந்தப் பச்சை வாசம், சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் விரலை விட்டு லேசில் போகாது. குண்டசாலையில் எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாளாவது வல்லாரைச் சம்பல் உண்டு. "கொட்டுக்கொல" என்றுதான் சிங்களப் பேரைச் சொல்லி நாங்கள் வாங்குவோம். அதை அரியத் தொடங்கியதுமே, கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வியின் ஞாபகம் எனக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளையின்மேல் நான் பட்ட பொறாமையை வேறு யார்மேலும் பட்டதில்லை.

ஆரம்பத்தில், என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியவள் அவள்தான் என்றே நினைத்திருந்தேன். வாப்பாவுக்குப் பாலத்துக்குக் கிட்ட பலசரக்குக் கடை. என் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு நாள் ரோல்ஸ், ஒரு நாள் ஜாம் பூசிய பாண், கூடவே கடையிலிருந்து ஒரு பிஸ்கட் பக்கெட் என்று இருக்க, இடைவேளையில் என்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். செல்வியின் அப்பா, பேக்கரியில் வேலை கிடைத்து, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர். அம்மா அதுவரை கொழுந்து பறித்தவர். அவள் பெட்டியில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும் இருக்கும். மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவாள். நானும் பெரிய மனது பண்ணி ஒரு பிஸ்கட்டை அவள் பக்கம் தள்ளிவிடுவேன்.

எல்லாவற்றையும் தலைகீழாக்கியவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த சுகாதார டீச்சர். சுகாதாரத்தைப் புத்தகத்தில் படித்தால் போதாது, சாப்பிட்டும் மண்ணைத் தொட்டும் சும்மா உட்கார்ந்தும் படிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. முதல் நாளே எங்கள் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், என் ரோல்ஸைக் கண்டு, "இதை ஆர் பிள்ளை உங்களுக்கு ஒவ்வொரு நாளும் தாறது?" என்று கேட்டுவிட்டு, செல்வியின் பெட்டியை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "இதுதான் பிள்ளையள் சாப்பாடு. வடிவாப் பாருங்கோ." நேற்றுவரை மூக்கைச் சுளித்தவர்கள் மரவள்ளிக்கிழங்கை எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

அடுத்த வாரமே காலைக் கஞ்சி வந்தது. "கொல கந்த" என்று ஊரே குடிக்கும் இலைக்கஞ்சிதான். பச்சைப் பசேலென்று ஒரு கோப்பை, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டு. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கருப்பட்டியை மட்டும் தின்பேன். செல்வி மடக்மடக்கென்று குடித்துவிட்டு, இன்றைக்கு என்ன இலை போட்டிருக்கிறார்கள் என்று சரியாகச் சொல்லுவாள். வேலியோரத்தில் எந்தச் செடியைக் காட்டினாலும் அவளுக்குப் பேர் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்த கீரையெல்லாம் கடை வாசலில் கட்டிக் கிடந்த கீரைதான்.

கஞ்சிக்குப் பிறகு பலாமரத்தடியில் பத்து நிமிஷம் "அமைதி நேரம்". பாயில் உட்கார்ந்து, கையை மடியில் விரித்து, கண்ணை மூடி, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும். "மூச்சைப் பாருங்கோ பிள்ளையள், பக்கத்திலை இருக்கிறவையைப் பாக்காதேங்கோ" என்பார் டீச்சர். நான் அரைக்கண்ணால் பார்த்ததெல்லாம் பக்கத்தில் இருந்தவளைத்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட அவள் அசையமாட்டாள். இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை என்று குமைந்தே என் பத்து நிமிஷமும் தீர்ந்துவிடும். அமைதி நேரத்தைத் தொடங்கவும் முடிக்கவும் டீச்சர் ஒரு சின்னப் பித்தளை மணியை அடிப்பார். பள்ளித் தவணை முடிவில், எங்கள் கீரைப் பாத்திகளில் யாருடையது நன்றாக இருக்கிறதோ, அவளிடம் அடுத்த தவணை முழுக்க அந்த மணியைக் கொடுப்பதாகச் சொன்னார். அந்த மணி எனக்கு வேண்டும். அதைவிட முக்கியம், அது செல்விக்குப் போகக் கூடாது.

வகுப்புக்குப் பின்னால் ஆளுக்கொரு சின்னப் பாத்தி, எல்லாவற்றிலும் வல்லாரை. நான் என் பாத்தியில் ஒரு இலையைக்கூட யாரையும் கிள்ளவிடாமல் பொத்திப் பொத்தி வளர்த்தேன். செல்வியோ கஞ்சிக்கென்று தினமும் ஒரு பிடி பறித்துக் கொடுப்பாள், அப்படியும் அவளுடையது அடர்ந்துகொண்டே போனது. வீட்டுக்குப் போய் உம்மாவிடம் புலம்புவேன். "எந்த நேரமும் அவள்ட கததான் ஒனக்கு. ஒண்ட பாத்திக்குத் தண்ணி ஊத்தினியா?" என்று உம்மா கேட்பார். ஊற்றியிருக்கமாட்டேன்.

தவணை முடிய மூன்று வாரம் இருக்கும்போது செல்விக்குக் காய்ச்சல் என்றார்கள். இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள், கடை திறக்கப்போன நானாவோடு, என் அண்ணனோடு, நேரத்தோடேயே வந்து இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. கைவேலைப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேரே பின்னால் போய், செல்வியின் பாத்தியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மண் தெரியும்படி ஒட்ட வெட்டினேன். வெட்டிய இலைகளை அள்ளி மதிலுக்கு அப்பால் வீசினேன். பைப்பில் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினால், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு செல்வி வந்துகொண்டிருந்தாள்.

அவள் நேரே பாத்திக்குத்தான் போனாள். குந்தியிருந்து மொட்டைத் தண்டுகளைத் தொட்டுப் பார்த்தாள், சத்தமில்லாமல் அழுதாள். "ஆர் இந்த வேலை பாத்தது?" என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள், நானும் பிதுக்கினேன். செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வழக்கம்போலப் பலாமரத்தடிப் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கென்று பார்த்து டீச்சர் புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னார். "மூச்சை ஆறுதலா இழுத்து, என்ன வாசம் வருதெண்டு கவனியுங்கோ. பிறகு ஒவ்வொராளாச் சொல்லுங்கோ." ஒருத்தி கஞ்சி என்றாள், ஒருத்தி பாய் என்றாள், நான் பலாக்காய் என்றேன். செல்வி இன்னொரு தரம் மூச்சை இழுத்தாள். பிறகு, "மண்ணு வாசம், டீச்சர்" என்றாள். எழுந்து போகும்போது அவளே டீச்சரிடம் சொன்னாள்: "பரவால்லைங்க டீச்சர். எங்க மலையில தேயிலையவே இப்புடி வெட்டி விடுவாங்க, கவ்வாத்துன்னு சொல்லுவாங்க. வெட்டுனாத்தான் நல்லா தழைக்கும்." பாவம், தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

நாலு நாளில் மழை பிடித்துக்கொண்டது. மொட்டைத் தண்டிலெல்லாம் தளிர் விட்டு, மூன்றாம் வாரம் மண்ணே தெரியாமல் இளம்பச்சையாகப் பாய் விரித்துக் கிடந்தது அவள் பாத்தி. நான் கிள்ளாமல் காத்த என்னுடையது முற்றி, மஞ்சளடித்து, ஓட்டை விழுந்து நின்றது. மணி செல்விக்குப் போயிற்று. போகவைத்தது என் கத்தரிக்கோல். மணியை வாங்கிக்கொண்டு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெருமையடிக்கிறாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த தவணை முழுக்க, ஒரு நாளைக்கு இரண்டு தரம், அவள் அடித்த மணியை வயிறெரியக் கேட்டேன்.

அந்த வருஷத்தோடு செல்வி வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள். போன மாதம் கட்டுகஸ்தோட்டைக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன்: பாத்திகள் இருந்த இடத்தில் மாடிக் கட்டிடம் நிற்கிறது, பலாமரத்தைக் காணோம், வாசலுக்கு எதிரே ரோல்ஸ் கடையில் பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள். மணி யாரிடம் போனதோ தெரியாது. என் பொறாமை மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஏனென்றால் என் மகள் ஹனா படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் வந்திருக்கும் சுகாதார டீச்சர் அதே செல்விதான். வாசலில் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் கணவரைத்தான் அனுப்புகிறேன். நான் வருஷக்கணக்காகக் கெஞ்சியும் தொடாத பாகற்காயை, செல்வி டீச்சர் சொன்னாராம் என்று ஹனா கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். பெற்றவளுக்கு அதைப் பார்க்க எரியாமல் என்ன செய்யும்?

போன கிழமை நான் சம்பலுக்கு அரிந்துகொண்டிருக்கும்போது ஹனா வந்து பக்கத்தில் நின்றாள்.

"இண்டைக்கி டீச்சர் ஒரு கத சொன்னாங்க உம்மா. டீச்சர் சின்னதுல காய்ச்சல்ல கெடந்த நேரம், அவங்கட கூட்டாளி ஒருத்தர் சொல்லாமலே வந்து, அவங்கட பாத்திய கவ்வாத்து பண்ணிக் குடுத்தாங்களாம். அதாலதான் டீச்சருக்கு மணி கெடச்சாம்."

"யார் செஞ்சதெண்டு டீச்சருக்குத் தெரியுமாமா?"

"தெரியுமாம். கண்ண மூடி மூச்சு இழுக்கக்குள்ள, பக்கத்துல இருந்தவங்கட கையில கொட்டுக்கொல வாசம் வந்திச்சாம். பேர் மட்டும் சொல்ல மாட்டாங்களாம்."

கத்தி அப்படியே நின்றுவிட்டது. தெரிந்துகொண்டேதான் மண் வாசம் என்று சொல்லியிருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் மணியோடு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். நான் செய்த கள்ள வேலையை இத்தனை வருஷமாக ஒரு உதவியாக்கி வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அந்த மனது எனக்கு வாய்க்கவில்லையே என்று அதற்கும் பொறாமையாக இருந்தது.

"நல்ல கூட்டாளி, இல்லயா உம்மா?"

"அது ஒதவிக்குச் செஞ்சதில்ல மகள். பொறாமையில வெட்டினது."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அரிந்துகொண்டிருந்த கையை அவள் மூக்குக்குக் கிட்ட நீட்டினேன்.