மாமிக்குத் தாகமில்லை

போன கிழமை என் மகள் பள்ளிக்கூடத்தால் துள்ளிக்கொண்டு வந்தாள். சேவைக் கழகத்தில் அவளைத் தண்ணீர்ப் பந்தலுக்கு எடுத்துவிட்டார்களாம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். “ஆரோடை நிக்கப் போறாய்?” என்று கேட்டேன். ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னாள். அதற்கு அடுத்த கேள்வி என் வாய்க்குள் தயாராக வந்து நின்றது. எனக்கே திக்கென்றது. அதை விழுங்கிவிட்டு, “சிந்தாமல் வார்க்க வேணும்” என்று மட்டும் சொன்னேன். பிறகு ஏலக்காய் இருக்கிறதா என்று போத்தலைத் திறந்து பார்த்தேன்.

நான் விழுங்கிய கேள்வி என்னுடையது இல்லை, மாமியுடையது.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. கலியாணம் கட்டாமல் எங்களோடேயே இருந்தார். அவரைப் போலச் சந்தேகப்பட ஒருவராலும் முடியாது. பால்காரர் போத்தலை வைத்த உடனே மூடியைத் திறந்து மணப்பார். “உதிலை பாலைவிடக் கிணறுதான் கூட” என்பார். கடை நல்லெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். பனங்கட்டியை உடைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். தபால்காரர் மணி அடித்தால்கூட, “இவன் ஏன் இண்டைக்கு வெள்ளணை வாறான்?” என்று யோசிப்பார். ஆனால் சாப்பாட்டுச் சாமானில் மாமியின் மூக்குப் பிழைத்ததில்லை. அதனால் மாமி தொடாத பண்டத்தை நாங்களும் தொடமாட்டோம். தேவாரத்தை நம்பினதுபோல நான் அந்த மூக்கை நம்பியிருந்தேன்.

அப்போது நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு. சேவைக் கழக ரீச்சர் உடுப்பிட்டியில் இருந்து பஸ்ஸில் வருகிறவர். மெல்லிய குரல், ஆனால் ஒருதரம் சொன்னால் சொன்னதுதான். அந்த வருசம் பிள்ளைகளுக்கு என்னென்ன தொண்டு இருக்கிறதென்று அவர் சொன்னார். ஆசுப்பத்திரி வளவு கூட்டலாம். முதியோர் இல்லத்தில் போயிருந்து கதைக்கலாம். வாசிகசாலைப் புத்தகங்களுக்கு உறை போடலாம். அம்மன் கோயில் தேரன்று தண்ணீர்ப் பந்தலில் நிற்கலாம். கடைசியைச் சொன்னதும் வகுப்பே இரண்டு கையையும் தூக்கியது. ஊர் முழுக்க வந்து எங்கள் கையால் வாங்கிக் குடிக்கும் அல்லவா?

ரீச்சர் எங்களை முற்றத்தில் நிறுத்தி, அகப்பையால் பேணிக்குள் தண்ணீர் வார்க்கச் சொன்னார். நான் என் காலையும் ரீச்சரின் சேலையையும் நனைத்தேன். என்னோடு படித்த தர்சிகா ஒரு சொட்டுச் சிந்தவில்லை. “அகப்பை இந்தக் கைக்குத்தான்” என்றார் ரீச்சர். பக்கத்தில் நின்று பேணி எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்குக் கிடைத்தது.

வீட்டில் சொன்னபோது மாமி பாக்கு வெட்டுவதை நிறுத்தினார்.

“உதென்னடி தொண்டு? பள்ளிக்கூடத்திலை படிப்பிக்க ஒண்டும் இல்லையோ, பிள்ளையளைக் கொண்டுபோய் றோட்டிலை நிப்பாட்டுறதுக்கு? இதுக்குள்ளை ஏதோ இருக்கு.”

“சேட்டிபிக்கற் தருவினம் மாமி.”

“அதுதானே பாத்தன். சரி, ஆரோடை நிக்கிறாய்?”

“தர்சிகாவோடை.”

“எவடம்?”

“வகுப்பிலை மூண்டாம் வாங்கு மாமி, யன்னல் பக்கம்.”

அம்மா அடுப்படியில் சிரித்துவிட்டு உடனே இருமினார். மாமி சிரிக்கவில்லை.

“நான் வாங்கே கேட்டனான்? பெட்டை எவடம் எண்டு கேட்டன்.”

“தெரியாது மாமி. நடந்துதான் வாறவள்.”

மாமி “ம்ம்” என்றார். கெட்ட எண்ணெயை மணந்தால் வருகிற அதே “ம்ம்”.

தேரன்று வெய்யில் மண்ணைப் பிடித்து எரித்தது. வேப்பமரத்தடிப் பந்தலில் பெரிய கிடாரம் நிறையச் சர்க்கரைத் தண்ணீர். தர்சிகா தலைக்கு முழுகி, திருநீறு பூசி, சட்டையில் மடிப்புக் குலையாமல் நின்றாள். பூசை வைப்பதுபோல ஒவ்வொரு பேணிக்கும் குனிந்து வார்த்தாள். சனம் குடித்துவிட்டு “நல்லாயிருப்பாய் பிள்ளை” என்று சொல்லிப் போனது.

தேர் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்த பிறகு மாமி வந்தார். தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தவர். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பேணிக்குக் கை நீட்டியவர், தர்சிகாவைக் கண்டதும் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“பிள்ளை எவடம்?”

“சுடலையடி ஒழுங்கை, அம்மா.”

நீட்டிய கை சேலைத் தலைப்புக்குள் போனது. மாமி அழகாகச் சிரித்தார். “எனக்குத் தாகமில்லை மோனை.”

நாக்கு ஒட்டி, கதைக்கவே முடியாமல் நிற்கிற மாமிக்குத் தாகமில்லையா? அப்படியென்றால் தண்ணீரில் ஏதோ இருக்கிறது. பேணியைக் கிட்டக் கொண்டுபோய் மணக்கக்கூட இல்லை, தூரத்தில் நின்றே பிடித்துவிட்டார். மாமி வேப்பமரத்து மறுபக்கம் போய், கோயிலுக்கு வந்திருந்த இரண்டு மாமிமாரின் காதுக்குள் ஏதோ சொன்னார். அவர்களும் பந்தலை எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தாகமில்லாமல் போனது.

அதற்குப் பிறகு நான் தர்சிகாவின் கையை விட்டுக் கண் எடுக்கவில்லை. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாலும் சந்தேகம், கிடாரத்தை மூடினாலும் சந்தேகம். புதுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியபோது, அவள் புத்தகப் பையைத் திறந்து கடதாசிச் சரை ஒன்றை எடுத்தாள். அங்குமிங்கும் பார்த்தாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். சரையில் இருந்ததைக் கிடாரத்துக்குள் கொட்டிக் கலக்கினாள்.

“ரீச்சர்!” என்று நான் கத்தினேன். “தண்ணியிலை ஏதோ கிடக்கு! ஒருத்தரும் குடியாதேங்கோ! எங்கடை மாமிக்குத் தெரிஞ்சிட்டுது, அதுதான் அவ குடிக்கேல்லை!”

வரிசை அப்படியே நின்றது. ஒரு ஐயா வாயில் இருந்ததைத் துப்பினார். பின்னால் நின்றவர்கள் பேணிகளைத் திருப்பி மேசையில் வைத்தார்கள். தர்சிகாவின் கையில் அகப்பை சரிந்தது. அன்றுதான் அந்தக் கை சிந்தியது.

“என்ன பிள்ளை போட்டனீர்?” என்று ரீச்சர் கேட்டார்.

“ஏலக்காய், ரீச்சர். அம்மா விடிய முழுகிப்போட்டு இடிச்சுத் தந்தவ. அம்மனை நினைச்சுப் போடச் சொன்னவ.”

ரீச்சர் ஒரு பேணி வாங்கி மடமடவென்று குடித்தார். “நல்ல வாசம்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் வேப்பமரத்துப் பக்கம் பார்த்தார்.

“அம்மா, இஞ்சை ஒருக்கால் வாங்கோ. நீங்கள் ஏன் குடிக்கேல்லை எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ.”

சனம் முழுக்கத் திரும்பியது. மாமி இரண்டு அடி வந்தார்.

“நான் விரதம் ரீச்சர்.”

மாமிக்கு உதவவேண்டியது என் கடமை. அவருக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்து, “இல்லை மாமி, விரதம் இல்லை. காலமை பிட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டனீங்கள்” என்றேன்.

வரிசையில் யாரோ ‘களுக்’ என்றார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. தர்சிகாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பேணியை நிறைத்தாள். இந்தமுறை சிந்தவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி மாமிக்கு நீட்டினாள். பக்கத்தில் தேர். தேரை விட்டு அம்பாள் இன்னும் இறங்கவில்லை. மாமி அம்பாளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், பேணியை வாங்கினார்.

“குடியாதேங்கோ மாமி!” என்று நான் அழுதேன்.

அவர் அண்ணாந்து, உதட்டில் படாமல், கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தார். எல்லாரையும் காப்பாற்ற மாமி உயிரைக் கொடுக்கிறார் என்று நான் நினைத்தேன். விழுந்தால் தாங்கிப் பிடிக்கக் கிட்டப் போனேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு விறுவிறென்று வீட்டுக்கு நடந்தார்.

துப்பிய ஐயா வெட்கத்தோடு திரும்பி வந்து இன்னொரு பேணி கேட்டார். தர்சிகா வார்க்கவில்லை. “இந்தா, நீ வார்” என்று அகப்பையை என் கையில் தந்தாள். ரீச்சர் “வேண்டாம் பிள்ளை, நீரே நில்லும்” என்றார். அவள், “கை நோகுது ரீச்சர்” என்று சொல்லிவிட்டு, பின்னால் போய்க் குந்தியிருந்து பேணி கழுவத் தொடங்கினாள். ரீச்சரும் குந்தி அவளோடு சேர்ந்து கழுவினார். நான் அவ்வளவு பேசின பிறகும் என் ஆசையை மறக்காமல் அகப்பையைத் தந்தாளே, என்ன நல்ல பிள்ளை என்று என் மனம் குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு மாமிமாரும் வந்து கை நீட்டினார்கள். ஆளுக்கு இரண்டு பேணி. வெய்யில் ஏறிவிட்டது, அதுதான் அவர்களுக்கும் தாகம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தால், விடிய முழுகிய மாமி கிணற்றடியில் திரும்பவும் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சு ஏறி உடம்பு எரிகிறதாக்கும் என்று பயந்து நான் ஓடிப்போய் அள்ளிக் கொடுத்தேன். “இன்னும் வார், இன்னும் வார்” என்றார். கை கடுக்கும் வரைக்கும் வார்த்தேன்.

“எவடம்” என்ற கேள்வி இடத்தைக் கேட்பதில்லை, சாதியைக் கேட்பது என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. தர்சிகாவுக்கு அது ஏழாம் வகுப்பிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அவள் ஒளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வேறு. படுக்கும்போது அம்மாவிடம், “நான் அகப்பை பிடிச்ச பிறகுதான் அம்மா எல்லாருக்கும் தாகம் வந்தது” என்றேன். அம்மா விளக்கைத் தணித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். என் கைராசியை நினைத்து வாயடைத்துப் போனார் என்று எண்ணிக்கொண்டு, அம்மாளாச்சியைக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.