இடக்கைப் பக்கம் திரும்பு திரும்பு

ரேடியோக்காவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிடலாம். விரிப்பை உதறும்போது ஒரு பாட்டு, மாத்திரைத் தட்டோடு வரும்போது ஒரு பாட்டு, யாருக்காவது காலுறை மாட்டும்போது ஒரு பாட்டு. எல்லாம் பாதிப் பாட்டுதான், மீதி முனகல். சுருதிக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாகிறது. அதனால்தான் அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு இந்தப் பெயர்: நிலையம் சரியாக எடுக்காத ரேடியோ. பெயர் வைத்தவர் சமையல்காரர். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ரேடியோ என்றால் நாலு பேர் கேட்கிறார்கள் என்றுதானே அர்த்தம் என்பாள்.

வயது ஐம்பத்து மூன்று. பத்தொன்பது வருஷம் ஒரு சலவை நிறுவனத்தில் விரிப்பு மடித்துவிட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே பராமரிப்பு ஊழியராகச் சேர்ந்தாள். நினைவு தப்பிய பெரியவர்கள் நாற்பது பேர். அவளுக்குப் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராது. நாற்பது வயதில் நீச்சல் கற்றாள். நாற்பத்தெட்டில் கணினி. ஐம்பதில் கார் ஓட்டக் கிளம்பினாள், அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

விஷயம் இதுதான்: அவளுக்கு இடம் வலம் தெரியாது. பிறவியில் இடக்கைக்காரி. பள்ளியில் அடித்து வலக்கைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து எந்தக் கை எந்தக் கை என்பதில் ஒரே குழப்பம். உரிமத் தேர்வில் அதிகாரி "இடது பக்கம் திரும்புங்க" என்றார். அவள் கம்பீரமாக வலது பக்கம் திரும்பி ஒரு மரக்கடைக்குள் போய் நின்றாள். மூன்று தடவை தேர்வு, மூன்று தடவையும் இதே கதை. "இந்த வயசுல இதெல்லாம் எதிர்பார்க்கக் கூடாதும்மா," என்று அதிகாரி காகிதத்தை நீட்டினார். எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அவள் புருஷன் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார். "நேராப் போன்னு சொன்னா மட்டும் என் பொண்டாட்டி கரெக்டா போவா!"

சிரிப்பு அவளுக்குப் பொருட்டே இல்லை. அந்த 'எதிர்பார்க்கக் கூடாது'தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

இப்படி இருக்கும்போது இல்லத்துக்கு ஒரு இசைப் பயிற்சியாளர் வந்தார். நல்ல அம்மாள், பொறுமைசாலி. சின்ன ஒலிபெருக்கி ஒன்றை மேசைமேல் வைத்துப் பெரியவர்களின் இளமைக் காலத்துப் பாட்டுகளைப் போட்டார். பெயர் மறந்தவர்கள் வரி மறக்காமல் பாடினார்கள். ஆறு மாதமாக வாயே திறக்காத ஒரு அம்மாள் தாளம் தட்டினார். ரேடியோக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் கையைத் தூக்கினாள்.

"புதுப் பாட்டு சொல்லிக்கொடுத்தா கத்துக்குவாங்களா மேடம்?"

"பழசு மனசுல தங்கும்மா. புதுசா கத்துக்குவாங்கன்னு எதிர்பார்க்கக் கூடாது."

மறுபடியும் அதே வார்த்தை! அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அன்றே ஒரு ஆளை மனதில் குறித்துக்கொண்டாள்.

அந்த ஆள் புரூப் ஐயா. வயது எண்பத்தொன்று. முப்பத்தெட்டு வருஷம் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். இல்லத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியும் சட்டைப்பையில் சிவப்புப் பென்சில் இல்லாமல் உட்காரமாட்டார். செய்தித்தாளைத் திருத்துவார், மருந்துப் பெட்டியைத் திருத்துவார். சாப்பாட்டுப் பலகையில் சமையல்காரர் 'பருப்பு' என்பதைப் 'பறுப்பு' என்று எழுதிய நாளில் இல்லமே கிடுகிடுத்தது. பெற்ற மகளை மட்டும் அடையாளம் தெரியாது. அவளை 'மேடம்' என்பார்.

அவருக்குக் கழிவறைக்குப் போகும் வழியும் மனதில் தங்கவில்லை. அறையிலிருந்து நேராக ஒரு நடை, மூன்று சன்னல், சுவரில் ஒரு கடிகாரம். அங்கே நடை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் கழிவறை, மறுபக்கம் இல்லத்தின் தலைமைச் செவிலியரான பெரிய சிஸ்டரின் அறை. அந்தக் கட்டடத்துக்கு வண்ணம் அடித்த புண்ணியவான் எல்லாக் கதவுக்கும் ஒரே நீலத்தைப் பூசித் தொலைத்திருந்தான். பெயர்ப் பலகையை ஐயா நன்றாகவே படிப்பார். எதைத் தேடி வந்தோம் என்பதுதான் பாதி வழியில் கழன்றுவிடும். பிறகு யாருடைய அறை மூலையிலாவது அவசரத்தை முடித்துக்கொள்வார். மூன்று குடும்பங்கள் புகார் கொடுத்துவிட்டன.

பெரிய சிஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் சட்டம் பேசுவார். "சொன்னா புரிஞ்சுக்கிற நிலையில அவர் இல்ல. ஆறு வாரம் பாப்போம். அதுக்கப்புறம் வர்ற திங்கட்கிழமைக் கூட்டத்துல மக வந்து கையெழுத்துப் போடட்டும், மேல்மாடிக்கு மாத்திடலாம்."

மேல்மாடி என்றால் வெளியே பூட்டிய கதவு. சாயங்காலம் தோட்டத்தில் உட்கார முடியாது. செய்தித்தாள் கிடையாது, பென்சிலும் கிடையாது, குத்திக்கொள்வார்களாம். மேலே போனவர் ஒருவரும் கீழே வந்து அவள் பார்த்ததில்லை.

"ஆறு வாரம் போதும் சிஸ்டர்," என்றாள் ரேடியோக்கா. எதற்குப் போதும் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

தெரிந்தது மறுநாள், சலவை இயந்திரத்தின் முன்னால். துணி துவைத்து முடித்ததும் அந்த இயந்திரம் டிங் டிடிங் டிங் என்று ஒரு மெட்டுப் போடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பகலில் ஐந்து தடவை. இல்லம் முழுக்கக் கேட்கும். கையில் ஈரத் துணியோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை! மணி அடித்துக் கழிவறைக்குக் கூப்பிடுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மெட்டு இருக்கிறது, வார்த்தைதான் இல்லை. மாப்பிள்ளை தயார், பெண் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. துணியைக் காயப்போடுவதற்குள் பாட்டைக் கட்டிவிட்டாள்.

"எழுந்தாச்சு எழுந்தாச்சு, செருப்பும் மாட்டியாச்சு,
ஒண்ணு ரெண்டு மூணு சன்னல் எண்ணிப் பாத்தாச்சு,
கடிகாரம் வந்தாச்சு, இடக்கைப் பக்கம் திரும்பு திரும்பு,
நீலக் கதவு திறந்தாச்சு, வந்தாச்சு ஐயா வந்தாச்சு!"

அன்றிலிருந்து இயந்திரம் மெட்டுப் போட்டால் ரேடியோக்கா எங்கிருந்தாலும் ஓடிவருவாள். ஐயாவின் கையைப் பிடித்து, பாடிக்கொண்டே நடந்து, கழிவறை வாசலில் கொண்டுபோய் விடுவாள். முதல் வாரம் அவர் பல்லைக் கடித்தார். இரண்டாவது வாரம், "சுருதி சரியில்ல," என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஐயா பாட்டைக் கவனிக்கிறார்! நாலாவது வாரம் அவர் விரல் தாளம் போட்டது. ஐந்தாவது வாரம் 'வந்தாச்சு ஐயா வந்தாச்சு' மட்டும் கூடப் பாடினார். தனியாக மட்டும் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. விடுப்பு நாளில் வீட்டிலிருந்தே ஃபோன் போட்டுக் கேட்பாள். "இல்லக்கா, இன்னைக்கும் கட்டில்லதான்," என்பார்கள்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை. ரேடியோக்கா இன்னொரு அம்மாளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி வாயிலிருக்க, நகர முடியாத நேரம். இயந்திரம் டிங் டிடிங் டிங் என்றது. இரண்டு நிமிஷம் போயிருக்கும். பெரிய சிஸ்டரின் அறையிலிருந்து ஒரு அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தால், பெரிய சிஸ்டர் ஃபோனும் கையுமாக வெளியே நிற்கிறார். உள்ளே ஐயா, சிஸ்டர் ஆசையாக வளர்த்த பூந்தொட்டிக்கு முன்னால், வேலையை முடித்து நாடாவைக் கட்டிக்கொண்டு, நிம்மதியாகப் பாடுகிறார்: "வந்தாச்சு ஐயா வந்தாச்சு!"

ரேடியோக்காவுக்கு உயிரே போய்விட்டது. ஆறு வாரம் பாடிப் பாடித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், கடைசியில் போயும் போயும் இந்த அறைக்கா வரவேண்டும்?

"பாத்தீங்களா?" என்றார் பெரிய சிஸ்டர். "இதுக்குத்தான் சொன்னேன்."

தேநீர் வண்டியோடு வந்த சமையல்காரர் தொட்டியைப் பார்த்தார், நடையைப் பார்த்தார். "ஏக்கா, நீங்க பாடறது இடக்கைப் பக்கம்தானே? கழிவறை வலக்கைப் பக்கம்ல இருக்கு?"

ரேடியோக்கா இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து நடந்தவரை, வாய் இடம் என்று பாடினாலும் கால் பழகிய பக்கம் போயிருக்கிறது. இன்று ஐயா தனியாக வந்திருக்கிறார். தானே எழுந்து, தானே செருப்பு மாட்டி, மூன்று சன்னலை எண்ணி, பாட்டு சொன்ன பக்கம் பிசகாமல் திரும்பியிருக்கிறார்!

"சிஸ்டர்!" என்று கத்தினாள். "அவர் தப்பே பண்ணல சிஸ்டர்! நான்தான் தப்பு! பாட்டு தப்பு! அவர் கத்துக்கிட்டாரு! கத்துக்கிட்டாரு சிஸ்டர்!"

சமையல்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தேநீர் தளும்பியது. பெரிய சிஸ்டரின் கையைக்கூடப் பிடித்துவிட்டாள். அவர் கையை உருவிக்கொண்டார், ஆனால் முகத்தில் ஏதோ அசைந்தது.

"கத்துக்கிட்டாரு, சரி. தப்பாக் கத்துக்கிட்டாரு. திங்கட்கிழமைக்குள்ள மாத்த முடியுமா உங்களால?"

பெரிய சிஸ்டர் தன் அறையைப் பூட்டிக்கொண்டார். ரேடியோக்கா வெள்ளிக்கிழமை காலையிலேயே 'வலக்கைப் பக்கம் திரும்பு திரும்பு' என்று ஆரம்பித்தாள். ஐயா நடையின் நடுவில் நின்றார்.

"தப்பு. இடக்கை."

"இல்லைங்க ஐயா, வலக்கை."

"மூலத்துல இடக்கைன்னு இருக்கு."

சனிக்கிழமையும் அதே பாட்டு, அதே பதில். கெஞ்சினாள், வேகமாகப் பாடினாள், மெதுவாகப் பாடினாள். மனுஷர் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஏன் ஐயா இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்க? தப்புன்னு தெரியுதில்ல, மாத்திக்கக் கூடாதா?"

அவர் அவளை, ஒன்றும் தெரியாத புது ஊழியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மூலத்தை மாத்த நமக்கு அதிகாரம் இல்லம்மா. எழுதினவரைக் கேக்கணும்."

அவள் வாயைப் பிளந்தாள். எழுதினவர்! அட, எழுதினவள் இங்கேதானே நிற்கிறாள்! அலுவலகத்துக்கு ஓடி ஒரு பெரிய காகிதத்தில் நாலு வரியையும் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். 'இடக்கை' என்பதை இருந்தபடியே விட்டாள். கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

"ஐயா, இது நான் எழுதினது. இதுல ஒரு பிழை இருக்கு. வலக்கைன்னு இருக்கணும். நீங்களே திருத்திக் கொடுங்க."

ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் அவர் முதுகு அவ்வளவு நேராக நின்று அவள் பார்த்ததில்லை. காகிதத்தை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் பென்சில் முனையால் தொட்டுக்கொண்டே போனார். 'இட' என்பதன்மேல் ஒரு கோடு. ஓரத்தில் 'வல'. கூடவே அவள் விட்டிருந்த ஒரு ஒற்றெழுத்தையும் போட்டார். கீழே சுருக்கொப்பம்.

"இடம் வலம் தெரியாமலா எழுதினீங்க?"

"தெரியாதுங்க ஐயா," என்றாள். இந்த உண்மையை வாழ்நாளில் யாரிடமும் இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டதில்லை. அந்தக் காகிதத்தைக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினாள்.

திங்கட்கிழமை மகள் வந்துவிட்டாள். பல் மருத்துவர், மருத்துவமனையில் பாதி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். பெரிய சிஸ்டர் கையில் படிவம். மூவரும் நடையின் ஓரமாக நின்றார்கள். யாரும் கூப்பிடக்கூடாது, கை கொடுக்கக்கூடாது என்பது ஏற்பாடு. ரேடியோக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், பாடிவிடுவோமோ என்ற பயத்தில்.

டிங் டிடிங் டிங்.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம். ஐயா வெளியே வந்தார், சன்னக் குரலில் பாடிக்கொண்டே. ஒரு சன்னல். இரண்டு. மூன்று. மகள் ரேடியோக்காவின் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"கடிகாரம் வந்தாச்சு, இடக்கைப்..."

இடது பக்கம் உடம்பு திரும்பிவிட்டது. ரேடியோக்கா கண்ணை மூடினாள். 'ச்சு' என்று ஒரு சத்தம் கேட்டுத் திறந்தாள். ஐயா காகிதத்தின் முன்னால் நின்று, தன் சிவப்புக் கோட்டைத் தானே படித்துக்கொண்டிருந்தார்.

"வலக்கைப் பக்கம் திரும்பு திரும்பு," என்று திருத்திப் பாடிவிட்டு, வலது பக்கம் நடந்து, நீலக் கதவைத் திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டார்.

கத்தக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ரேடியோக்கா நின்ற இடத்திலேயே குதித்தாள். மகள் அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். பெரிய சிஸ்டர் படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம். அந்தக் காகிதத்தை யாரும் கிழிச்சுடாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "எதிர் அறைக்காரருக்கும் ஒரு பாட்டு கட்ட முடியுமா?" என்றார்.

கதவு திறந்தது. ஐயா கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். மகளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு ரேடியோக்காவைப் பென்சிலால் சுட்டிக் காட்டினார்.

"மேடம், இந்தம்மா எழுத்து பரவாயில்ல. இடம் வலம்தான் தெரியல." கொஞ்சம் யோசித்தார். "கத்துக்குவாங்க."

ரேடியோக்காவுக்கு அவ்வளவுதான், கண்ணீர் பொங்கிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில், அதுவும் இவர் வாயால்! அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், உரிமத் தேர்வு விண்ணப்பத்தை எடுத்துத் தரச்சொல்லிப் புருஷனிடம் கையை நீட்டினாள். வலது கையை.