வளைவுக்கு ஒன்று, செக்ரட்டரிக்கு ஒன்று

கத்தரிக்கோல் முதலில் காற்றைத்தான் வெட்டுகிறது. உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், டிக் டிக் டிக் என்று. பிறகுதான் முடியில் இறங்கும். "கை சூடேற வேணாமா சார்?" என்பார். உண்மையில் கையெல்லாம் எப்போதும் சூடாகத்தான் இருக்கிறது. நாற்காலியில் வசமாக மாட்டியிருக்கும் இந்த ஆளிடம் தெருக்காரியம் எதைப் பேசி முடிக்கலாம் என்று அந்த நேரத்தில் யோசிக்கிறார்.

தெருவில் முடிவெட்டுபவர் இவர். தெருவாசிகள் நலச் சங்கத்தின் செயலாளரும் இவரே. அதனால் எல்லோருக்கும் "செக்ரட்டரி". கடைக்கு மேல் ஒற்றை அறையில் குடியிருக்கும் மனைவிகூட, கோபம் வந்துவிட்டால், "செக்ரட்டரி சார், சோறு ஆறுது. தெரு எங்கேயும் ஓடிடாது, மேல வாங்க" என்று படியில் நின்று கூப்பிடுவார்.

சங்கத்துக்கு அலுவலகம் கிடையாது. இரண்டு சுழல் நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவர் முழுக்கக் கண்ணாடி உள்ள இந்தக் கடைதான் எல்லாம். சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு, நேரத்துக்கு வராத குப்பை வண்டி எல்லாமே இங்கேதான் வந்து விழும். ஒருவர் கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போதுதான் செக்ரட்டரி முக்கியமான கேள்வியைக் கேட்பார். "தலையாட்டாதீங்க, கத்தி இருக்கு. சரின்னா கண்ணை மூடித் திறந்தாப் போதும்." மூடித் திறந்தால் தீர்மானம் நிறைவேறிவிட்டது. "எனக்குச் சரியில்லைன்னா என்ன பண்றது?" என்று ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அதைச் சவரம் முடிஞ்சதும் பேசலாம்னுதான் இருந்தேன். இதுவரைக்கும் யாரும் பேசலை" என்றார் இவர், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

சண்டைக்காரர்களுக்கு வேறு வைத்தியம் வைத்திருக்கிறார். வளைவுக்கு அந்தப் பக்கம், மூலை வீட்டில் இருப்பவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பக்கத்து வீடு தச்சருடையது. தச்சரின் பலகைகள் மேனேஜரின் கேட்டில் சாய்ந்ததில் தொடங்கிய தகராறு, இருவரும் முகத்தோடு முகம் பார்க்காத அளவுக்குப் போய்விட்டது. செக்ரட்டரி இருவரிடமும் தனித்தனியாக, "பத்து மணிக்கு வாங்க, கூட்டமே இருக்காது" என்று சொல்லிவைத்தார். வந்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கழுத்தோடு வெள்ளைத் துணி கட்டியாயிற்று. எழுந்து போகவும் முடியாது, கையை வெளியே எடுத்து நீட்டி முழக்கவும் முடியாது. கண்ணாடியில் மட்டும் முறைத்துக்கொள்ளலாம். எத்தனை நேரம்தான் முறைப்பது? மேனேஜர்தான் முதலில் சிரித்துவிட்டார். பலகைகளுக்கு வேறு இடம் கிடைத்தது. நட்பு என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் வழி பண்ணுகிறவர் தனக்கென்று சங்கத்திடம் எதையும் கேட்டதில்லை. கடை வாசலில் மழைத்தண்ணீர் தேங்கினால் தானே பிளாஸ்டிக் முறத்தால் வாரி ஊற்றுவார். "சொந்தக் காரியத்துக்குச் சங்கத்தைத் தொட்டா அது சங்கம் இல்லை, என் சமையக்கட்டு" என்பது அவர் கட்சி.

வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்கு நேர் எதிரே தெரு சட்டென்று மடங்குகிறது. அந்தப் பக்கம் வருவது இந்தப் பக்கம் தெரியாது. சில வருடங்களுக்கு முன் தச்சரின் மகள் சைக்கிளில் திரும்பும்போது தண்ணீர் கேன் வண்டி இடித்துக் கால் முறிந்துவிட்டது. பாதிச் சவரத்தில் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி, கடைத் துணியிலேயே காலைச் சுற்றி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் செக்ரட்டரிதான். அந்தப் பெண் இப்போது மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறாள்.

அன்றைக்கே முடிவு செய்தார்: வளைவில் போர்டு வைத்தாக வேண்டும். மேனேஜர் வீட்டுச் சுவர்தான் பொருத்தமான இடம். மேனேஜரோ, "என் சுவத்துல ஒரு ஆணி இறங்கக் கூடாது" என்று ஒரே பிடியாக நின்றார். கண் சிமிட்டல் தீர்மானம்கூடப் பலிக்கவில்லை; அன்று மேனேஜர் கண்ணை மூடவே இல்லை. கடைசியில் செக்ரட்டரி தன் கடை வாசலிலேயே ஒரு கம்பம் நட்டார். 'ஹாரன் அடித்துத் திரும்பவும்.' எழுத்தெல்லாம் அவரே எழுதியது. அதற்குப் பிறகு வளைவில் ஒரு கீறல்கூட யாருக்கும் விழவில்லை.

தெரு நன்றி கெட்ட தெரு இல்லை. அதுதான் பிற்பாடு வினையாகப் போனது. வளைவுக்கு ஒரு ஹாரன் அடிக்கிறவர்கள், கடைக்குள் செக்ரட்டரியைப் பார்த்ததும் வணக்கமாக இன்னொன்றும் அடிக்க ஆரம்பித்தார்கள். பால் வண்டி, பள்ளி வேன், ஆட்டோ, கூரியர் பையனின் ஸ்கூட்டர் எல்லோருக்கும் அதே பழக்கம். வளைவுக்கு ஒன்று, செக்ரட்டரிக்கு ஒன்று. அவரும் கத்தரிக்கோலை உயர்த்திக் காற்றில் டிக் டிக் என்று பதில் வணக்கம் சொல்வார். மனதுக்குள் ஒரு பெருமை. இருக்காதா பின்னே?

போன மாதம் மனைவிக்குக் காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து ஓர் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "நல்லாத் தூங்கினா சீக்கிரம் தேறிடுவாங்க. சத்தம் மட்டும் ஆகவே ஆகாது."

மாடி அறையின் ஒரே ஜன்னல் வளைவைப் பார்த்தபடி, கம்பத்துக்கு நேர் மேலே இருக்கிறது. ஒவ்வொரு ஹாரனுக்கும் அந்த அம்மாவுக்குத் தலை சுற்றியது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கிக்கொள்வார். முதல் ஹாரன் முடிந்து மூச்சு விடுவதற்குள் இரண்டாவது வரும். தூக்கம் பிடிக்காமல் ஆள் பாதியாகிவிட்டார். "உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாயேன்மா" என்று செக்ரட்டரி கெஞ்சிப் பார்த்தார். "போகலாம். உங்களுக்கு ஒரு டீயாவது போடத் தெரிஞ்சா போறேன்" என்று பதில் வந்தது. முதல் பரிசோதனையில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இப்படியே போனால் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார்.

செக்ரட்டரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போர்டைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். கழற்றிவிட்டுத் தச்சரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? நாளைக்கு இன்னொரு குழந்தை சைக்கிளில் வந்தால்? அந்த இரண்டாவது ஹாரனையாவது நிறுத்தச் சொல்லலாம். ஆனால் அது அன்பாக அடிப்பது. அன்பாக ஒருவர் வணக்கம் சொல்லும்போது வாயை மூடு என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

அதனால் பைத்தியக்காரத்தனமாக ஒன்று செய்தார். வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே, முடிவெட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு வளைவுக்கு ஓடி, "வழி காலி, வாங்க வாங்க, அடிக்க வேணாம்" என்று கையை ஆட்டினார். வண்டிக்காரர்கள் என்ன கண்டார்கள்? செக்ரட்டரியே ரோட்டுக்கு வந்து கையாட்டுகிறாரே என்று மகிழ்ந்துபோய் மூன்றாவதாகவும் ஒன்று அடித்தார்கள். கடைக்குள் மேனேஜர் ஒரு கன்னத்தில் நுரையும் மறு கன்னம் மழுமழுவென்றும் உட்கார்ந்திருந்தார். "என்னய்யா ஆச்சு உமக்கு? வேலையில மனசே இல்லையே."

"ஒண்ணுமில்லை சார். காத்து வாங்கப் போனேன்."

மருந்துக்கடை அம்மாதான் சங்கத்தின் தலைவர். மனைவியின் காதில் அடைக்க என்று சொல்லாமலே செக்ரட்டரி அடிக்கடி பஞ்சு வாங்க வருவதைப் பார்த்தார். சவரக் காயத்துக்கு இத்தனை பஞ்சா, இவர் கத்தி அப்படிப்பட்ட கத்தி இல்லையே என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நாள் மதியம் நோயாளியைப் பார்க்க மாடிக்கு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது பள்ளி வேன் திரும்பியது. வளைவுக்கு ஒன்று. செக்ரட்டரிக்கு ஒன்று. மருந்துக்கடை அம்மா தூக்கிவாரிப் போட்டுக் கட்டிலைப் பிடித்தார். பிடித்த இடத்தில் ஏற்கெனவே இன்னொரு கை இறுக்கிக்கொண்டிருந்தது. எழுந்து இறங்கிப் போய்விட்டார். போகும்போது, "அடுத்த செக்கப் என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார். செக்ரட்டரியும் வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தார்.

அந்த நாள் காலையில் மனைவியை ஆட்டோவில் அழைத்துப்போனார். தெருக்காரர்கள் வந்தால் பெஞ்சிலாவது உட்காரட்டும் என்று கடையைத் திறந்தே வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். மதியம் திரும்பி வந்தால், ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே என்ஜினை அணைத்துவிட்டு இறங்கித் தள்ள ஆரம்பித்தார். "பெட்ரோல் தீந்துடுச்சாப்பா?" என்று கேட்டார் செக்ரட்டரி. ஆட்டோக்காரர் பல்லைக் காட்டினார்.

கடை வாசலில் கம்பம் மட்டும் நின்றது. போர்டைக் காணோம்.

மனைவியை மருந்துக்கடை அம்மா கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேனேஜர் மீதும் தச்சர் மீதும் பாய்ந்தார். "யாரு கழட்டினது? யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? புள்ளைங்க நடமாடுற இடம்! தம்பி, உன் பொண்ணு கால் உடைஞ்சது மறந்துபோச்சா உனக்கு?"

"மறக்கலை அண்ணே. மறக்காததாலதான் நானே கழட்டினேன்" என்றார் தச்சர்.

"உட்காருய்யா முதல்ல" என்றார் மேனேஜர்.

"நான் உட்கார மாட்டேன்."

இருவரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவரை அவருடைய நாற்காலியிலேயே அமுக்கினார்கள். தச்சர் வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தோடு கட்டினார். முடிச்சு கொஞ்சம் இறுக்கம். இத்தனை வருடத்தில் செக்ரட்டரி அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தன் முகம் தெரிந்தது. பின்னால் கடை வாசல். வாசலுக்கு வெளியே தெரு. தெருவுக்கு அப்பால், ஒரு ஆணிகூட இறங்கக் கூடாத அந்தச் சுவரில், ஆளுயரத்துக்கு மேல் இன்னொரு கண்ணாடி சாய்வாக மாட்டியிருந்தது. மழை படாமல் மேலே சின்னதாக ஒரு பலகைக் கூரை. அதற்குக் கீழே புது எழுத்து: 'ஹாரன் வேண்டாம். கண்ணாடியைப் பார்த்துத் திரும்பவும்.' அந்தக் கண்ணாடிக்குள் வளைவின் மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தது.

"என் பீரோ கதவுல இருந்தது" என்றார் மேனேஜர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "எனக்கு மூஞ்சி பாக்கத்தான் உம்ம கடைக் கண்ணாடி இருக்கே. அந்த போர்டை அன்னைக்கே நான் என் சுவத்துல மாட்ட விட்டிருந்தா உம்ம வீட்டம்மாவுக்கு இந்தக் கஷ்டமே இல்லை."

"சட்டம் அடிச்சது நான். சாய்மானம் சரியா வர்ற வரைக்கும் ரோட்டுல நின்னு இடது வலதுன்னு சொன்னது இவரு" என்றார் தச்சர். "வெயில்ல தலை வெந்துபோச்சு இவருக்கு. அந்தப் பக்கம் சைக்கிள்ல என் பொண்ணை வரச் சொல்லிப் பார்த்தோம் அண்ணே. நல்லாத் தெரியுறா."

செக்ரட்டரி தன் கண்ணாடிக்குள் இருந்த அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயுசு பூரா கண்ணாடி முன்னாடி நிக்கிறேன்" என்றார். "எனக்கு இது தோணவே இல்லையே சார்."

"உமக்கு எங்கே தோணும்? நீர் எப்பவும் அடுத்தவன் தலையைத்தானே பாக்கிறீர்?"

தூரத்தில் பள்ளி வேன் வரும் சத்தம் கேட்டது. பழக்கதோஷம், செக்ரட்டரி எழுந்து ஓடப் பார்த்தார். தச்சரின் கை தோளில் அழுந்தியது. சுவர்க் கண்ணாடியில் வேன் முதலில் தெரிந்தது, வேகம் குறைந்தது, எதிரே வழி காலி என்று பார்த்துத் திரும்பியது. கடையைக் கடக்கும்போது ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு தடவை வெட்டிக் காட்டினார். வேன் போய்விட்டது. ஹாரன் சத்தம் இல்லை.

மூவரும் தலைக்கு மேலே, மாடி அறை இருக்கும் பக்கம் பார்த்தார்கள். மருந்துக்கடை அம்மா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். "தூங்குறாங்க" என்றார், உதடு மட்டும் அசைய.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். செக்ரட்டரியின் கத்தரிக்கோலை எடுத்து அவர் தலைக்கு ஒரு சாண் மேலே பிடித்தார். காற்றை வெட்டத் தெரியவில்லை; கத்தரிக்கோல் சிக்கிக்கொண்டு ஒரே ஒரு டிக் வந்தது. "சங்கம் உங்களைக் கேக்காம ஒரு தீர்மானம் போட்டிருக்கு" என்றார். "தலையாட்டாதீங்க. சரின்னா கண்ணை மூடித் திறந்தாப் போதும்."

செக்ரட்டரி கண்ணை மூடினார். திறக்கவில்லை. இமையோரம் நனைந்து கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கவும் அவரால் முடியவில்லை. கைகள் துணிக்கு அடியில் இருந்தன. சற்று நேரம் கழித்து, மார்புக்கு நேரே, அந்த வெள்ளைத் துணி மெல்ல உயர்ந்து கும்பிடு போடுவது போலக் கூம்பி நின்றது.